மைனி விழப் பழகிய ஏலக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட நேரம். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்று மீனும் கிடையாது, ஏலமும் கிடையாது. தகரக் கூரை போட்ட ஏலக்கூடம், கழுவிக் காய்ந்த சிமெண்ட் தரையோடு காலியாகக் கிடக்கும். முந்தின நாள் அங்கே விட்டுவிட்டு வந்த, என் லோடு ஆட்டோவின் ஐஸ் பெட்டி மூடியை எடுக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். உள்ளே ஏதோ கரகரவென்று உருளும் சத்தம் கேட்டது. யாரோ பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் அண்ணன் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், நைட்டிக்கு உள்ளே ஒரு டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, தலையில் என்னுடைய பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சக்கரம் வைத்த ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தார். பலகை ஓடியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடியது என் மகள்.

"மைனி! எறங்குங்க! என்ன செய்யுதிய?" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததில் பலகை ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். நல்லவேளை, மகள் பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி இப்படிக் கத்துதிய? கடல்ல கப்பலா முங்கிட்டு?" என்றார் மைனி. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் வேர்த்து வழிந்தது.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது அந்தப் பலகையைக் காட்டி, இது என்ன, அது என்ன, எப்படி ஓட்டுவது என்று கேட்கிறார்கள். போனில் வருகிற படங்களில் எல்லாம் இங்கிலீஷில் மடமடவென்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் மைனி விழுந்ததிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஆகவே மைனி கதையைச் சொன்னால்தான் பலகையின் கதையையும் சொல்ல முடியும்.

மைனி மீன் வியாபாரி. அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மைனி காலையில் ஏலம் எடுப்பார், நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாசரேத் பக்கம் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏலம் என்றால் சும்மா இல்லை. மீன் கூடையை நடுவில் கொட்டுவார்கள். சுற்றி வட்டமாக ஆட்கள் நிற்பார்கள். முன்வரிசையில் நிற்கிறவருக்குத்தான் செவுளைத் தூக்கிப் பார்க்க முடியும், கண்ணைப் பார்க்க முடியும், மீன் இன்றைக்கு வந்ததா, ஐஸில் கிடந்ததா என்று தெரியும். அந்த வட்டத்தில் மைனிக்கு ஓர் இடம் உண்டு. ஏலம் கூறும் அண்ணாச்சிக்கு நேர் எதிரே. வட்டத்தில் ஓர் இடம் கிடைப்பது லேசு இல்லை. விட்டால் திரும்பக் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அந்தத் தரையில் மைனி வழுக்கி விழுந்தார். ஏலக்கூடத் தரை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஐஸ் தண்ணீர், மீன் கொழுப்பு, செதில், எல்லாம் சேர்ந்து எண்ணெய் கொட்டிய மாதிரி இருக்கும். விழும்போது எல்லோரும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். கையை நீட்டித் தரையில் ஊன்றினார். உடம்பு எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு ஒடிந்தது. கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, வேலை பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மைனியால் அந்த ஈரத் தரையில் கால் வைக்க முடியவில்லை. வாசல் வரை வருவார். சிமெண்ட் நனைந்திருக்கிற கோடு ஒன்று இருக்கும், அங்கே நின்றுவிடுவார். ரப்பர் பூட்ஸ் வாங்கிப் பார்த்தார். "காலு தரையத் தொடவே இல்லேய, எதுல நிக்கேன்னே தெரியல" என்று அதையும் கழற்றிப் போட்டுவிட்டார். உள்ளே நிற்கிற வேறு ஒரு பெண்தான் அவருக்கும் சேர்த்து ஏலம் எடுத்துக் கொடுப்பாள். நல்ல மீனைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசலுக்குத் தள்ளுவாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். "என்ன, வாசக் காக்க வந்தியளா?" என்பார்கள்.

கடைசியில் ஏலம் கூறும் அண்ணாச்சியே வந்து சொல்லிவிட்டார். "ஒங்க எடத்தக் கேட்டு ஆளு வாராங்க. மாசம் பொறந்து மொத திங்கக்கிழமை உள்ள வந்து நில்லுங்க. நிக்கலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது, மைனி இந்தப் பலகைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது. அதை என் மகள் சொன்னபோது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அண்ணன் எப்போதோ தன் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பலகை அது. அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை என் மகள் எடுத்துக்கொண்டு, கூடத்துக்குப் பின்னால் போனைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் மைனி அதைப் பார்த்திருக்கிறார். பிள்ளை விழுகிறது, எழும்புகிறது, மறுபடி விழுகிறது, சிரிக்கிறது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏளா, எப்படிளா விழுதே நீ? எனக்கும் அத மட்டும் சொல்லிக் குடு" என்று கேட்டிருக்கிறார்.

"மட்டும்னா முடியாது பெரியம்மா" என்றிருக்கிறாள் இவள். "விழப்போறோம்னு தெரிஞ்சி விழுந்தா அது விழுறதே இல்ல. பலகையில ஏறுங்க. தெரியாம விழுவிய. அப்பத்தான் பழகும்."

நான் அன்றைக்கு இரண்டு பேரையும் திட்டியிருக்க வேண்டும். திட்டத்தான் போனேன். ஆனால் மைனி, "தம்பி, அண்ணாச்சி சொன்ன திங்கக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச வாரந்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் முழங்கைக் காப்பும் வாங்கிக்கொண்டு போனேன். பைக் ஹெல்மெட் பாரமாக இருக்கிறது, காதை அடைக்கிறது என்பதால் இதற்கென்றே இருக்கிற சின்ன ஹெல்மெட்டையும் வாங்கினேன். பிள்ளைகளே, நீங்களும் இந்த நான்கும் இல்லாமல் பலகையில் ஏறாதீர்கள். பெரியவர்கள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பலகையைப் பற்றி மகள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நின்று ஓட்டுகிற மரத்துக்கு டெக் என்று பெயர். மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டியது. இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். முன் முனை நோஸ், பின் முனை டெயில். மேலே ஒட்டியிருக்கும் கறுப்புத் தாள் கிரிப் டேப். தச்சு வேலைக்காரர்கள் மரம் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், கால் வழுக்காமல் பிடிக்க. அடியில் சக்கரங்களைத் தாங்குகிற இரும்பு அச்சுக்கு டிரக் என்று பெயர். அதற்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் என் ஆட்டோவிலும் புஷ் உண்டு. நாம் உடம்பைச் சாய்க்கிற பக்கம் அந்த ரப்பர் அமுங்கும், பலகை அந்தப் பக்கம் திரும்பும். நட்டை இறுக்கினால் பலகை முரண்டு பிடிக்கும், தளர்த்தினால் ஆடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேரிங் இருக்கிறது. அந்தப் பேரிங்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதனால்தான் எங்கள் உயிர் பாதி போனது.

முதல் நாளே ஒரு சண்டை. மைனி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார். எங்கள் கரையில் வள்ளத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். மைனிக்குத் தண்ணீரில் போகிற மரமும் தரையில் போகிற மரமும் ஒன்றுதான். "ஷூ போடணும் பெரியம்மா" என்று மகள் சொல்லச் சொல்ல, "ஏறி நிக்கிற மரத்துல செருப்போட ஏறுவாளா ஒருத்தி?" என்று கேட்டார். உப்புத்தாள் உள்ளங்காலை உரித்து, சாயங்காலம் பார்த்தால் ரத்தம். அப்போதும் விடவில்லை. கடைசியில் என் மகள், "மரத்துக்குத்தான மரியாத? மேல உப்புத்தாளுதான இருக்கு. அதுக்கு என்ன மரியாத?" என்று கேட்டாள். மைனி கொஞ்சம் யோசித்தார். மகனுடைய பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டார்.

எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. இரண்டில் எதுவும் தப்பில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டால் தன்னாலே எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான். மகள் இதைச் சொல்லாமலே செய்துவிட்டாள். "ஏ மூதி! பெரியவளப் புடிச்சித் தள்ளுதியா!" என்று மைனி விரட்டிக்கொண்டு ஓட, வலது கால் முன்னால் போனது தெரிந்தது. மைனி கூஃபி.

அப்புறம் புஷ்: முன்கால் பலகையில், பின்காலால் தரையை உந்துவது. இது ஆட்டோவில் இருக்கிற புஷ் இல்லை, தள்ளுகிற புஷ். நிறுத்துவதற்கு அதே பின்காலின் அடியைத் தரையில் லேசாகத் தேய்ப்பது. டிக்-டாக் என்றால் பின்பக்கம் எடையை வைத்து, முன்சக்கரங்களைச் சற்றுத் தூக்கி இடமும் வலமும் மாற்றி மாற்றி வைத்து நகர்வது. அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்து ஒரேயடியாகத் திரும்பினால் கிக்டர்ன். முன்சக்கரம் மேலே இருக்க, டெயில் தரையில் இடிக்காமல் பின்சக்கரத்திலேயே போனால் மேனுவல். என் மகள் ஆலி போடுவாள். பின்காலால் டெயிலைத் தரையில் டப்பென்று அடித்து, முன்காலை நோஸ் பக்கம் வழித்துக்கொண்டே குதிப்பாள். கையால் தொடாமலே பலகை காலோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும். தரையில் போட்ட வடக்கயிற்றை அவள் அப்படித் தாண்டியதை முதலில் பார்த்தபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மைனி டிக்-டாக்கோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு வேண்டியது விழுவதுதான்.

விழுவதற்குக் கிழிந்த வலைகளைக் குவித்து மெத்தை போட்டோம். மகள் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கால் போகிறது என்று தெரிந்ததும் நிமிராதே, குனி. முழங்காலை மடக்கித் தரைக்குக் கிட்டே வந்துவிடு. கையை நீட்டாதே; மடக்கி மார்போடு வை. நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சில் ஒட்டு. தோளைக் கொடுத்து உருண்டுவிடு. "கூடையச் சாய்ச்சா மீனு எப்படிச் சரிஞ்சி போவும்? ஒரு மீனாவது கைய ஊனுதா?" என்று அவள் கேட்டாள். மைனி விழுந்து விழுந்து சிரித்தார். முதலில் வலை மேல், பிறகு சாக்கு மேல், பிறகு வெறும் தரையில் என்று சில ஞாயிறுகள் போயின. மைனி உருள ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வேன்.

கெடு வைத்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள். மைனி யார் கையும் பிடிக்காமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகப் போவதாகச் சொன்னார். உந்தினார். பலகை ஓடியது. பாதி வழியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பலகை நின்றுவிட்டது. மைனி நிற்கவில்லை. முன்னால் தூக்கி எறிந்த மாதிரிப் போய் விழுந்தார். விழும்போது அந்தக் கை, ஒடிந்த அதே கை, நேராக நீண்டு தரையில் அடித்தது. "மாதாவே" என்று ஓடினேன். காப்புக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தகடு விரிசல் விட்டிருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பெரியம்மா, கைய நீட்டிட்டிய."

"நானா நீட்டுனேன்? அதுவா நீண்டுட்டு. போதும்ளா. எடுத்துட்டுப் போ. இந்தக் கை நான் சொன்னா கேக்காது."

மகள் பலகையைத் திருப்பிப் போட்டுச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுற்றின. ஒன்று அசையவில்லை. அதன் ஓரத்தில் சிவப்பாகத் துரு கசிந்திருந்தது.

"இதக் கழுவுனியளா பெரியம்மா?"

"கழுவாம? மீன் நாத்தத்தோட வீட்டுக்குள்ள வைப்பாவளா? ஐஸ் பெட்டியக் கழுவுற மாதிரி சோப்புப் போட்டு, நல்ல தண்ணி ஊத்தித்தான் கழுவுனேன். எல்லா ஞாயித்துக்கெழமையும்."

உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வருகிற எதையும், என்ஜினானாலும் ஆட்டோவானாலும், நல்ல தண்ணீரில் அலசித்தான் வைப்போம். அந்தப் பழக்கம்தான் இங்கே வினையானது. பேரிங்குக்குள் போன தண்ணீர் வெளியே வரவில்லை. பிள்ளைகளே, பலகையைக் கழுவாதீர்கள். ஈரத் துணியால் மேலே துடைத்தால் போதும். பேரிங்கைச் சுத்தம் செய்வதென்றால் கழற்றித் துடைத்து, பெரியவர்களை வைத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிப் பாருங்கள். ஒன்று நின்றாலும் ஏறாதீர்கள்.

"இது நீங்க விழல, சக்கரம் நின்னுபோச்சி" என்று மகள் எத்தனையோ தடவை சொன்னாள். மைனி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஏல வட்டத்தில் அவர் இடம் போனதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் ஆட்டோவை வாசலில் பின்பக்கமாக நிறுத்திக்கொண்டிருந்தேன். வள்ளங்கள் வந்துவிட்டன. உள்ளே தரை முழுக்க ஐஸ் தண்ணீர் மினுமினுத்தது. மைனி வந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், வெறுங்கால். ஈரக்கோட்டுக்கு முன்னால் நின்றார். அவருக்கு ஏலம் எடுத்துக் கொடுத்த பெண் உள்ளேயிருந்து, "வாரியளா, இல்ல அங்கனயே நின்னு கும்புடுதியளா? பாத்து எறங்குங்க, தண்ணி ஆழம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மைனி என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. காலை எடுத்து வைத்தார்.

ஒரு எட்டு, இன்னொரு எட்டு. அண்ணாச்சிக்கு எதிரே நின்றவர் தானாக விலகினார். மைனி தன் இடத்தில் போய் நின்றுவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. ஊளி மீன் கூடையைக் கொட்டினார்கள். விலை ஏறியது. மைனி செவுளைத் தூக்கிப் பார்த்தார், கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எவனோ பின்னால் ஒரு பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போக, அது மைனி காலில் இடித்தது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் போயின.

கூடத்தில் அத்தனை பேரும் ஐயோ என்றார்கள். நான் கண்ணை மூட மறந்துவிட்டேன். அதனால் பார்த்தேன். மைனி நிமிரவில்லை, குனிந்தார். கை நீளவில்லை. நாடி நெஞ்சுக்குப் போனது. தோள் தரையில் பட்டது, முதுகு உருண்டது, அந்தக் கொழுப்புத் தண்ணீரில் ஒரு முழு உருளல் உருண்டு, ஊளிக் குவியலில் இடித்து, செதிலும் ஐஸுமாக உட்கார்ந்த வாக்கில் நின்றார். அதற்குள் ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லியிருந்த அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். கேலி செய்த பெண் தலையில் கை வைத்திருந்தாள்.

மைனி மெதுவாக, ஒடிந்த கையைத்தான், மேலே தூக்கினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? என் வெலைக்கு மேல எவனும் கேக்கல. மூணாந் தரம் சொல்லுங்க அண்ணாச்சி!"

அண்ணாச்சி சொன்னார்.

பெட்டிகளை ஏற்றும்போது அவர் தோளில் சிராய்ப்பு, சேலை கிழிந்திருந்தது. "பயம் போயிட்டா மைனி?" என்று கேட்டேன். "எங்க போவும்? உள்ளதான் கெடக்கு" என்றார். "கெடக்கட்டும். ஐஸ் உருகுது, வண்டிய எடுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், அன்று சிரித்த பெண்களில் நாலைந்து பேர் கிழிந்த வலையின் மேல் உருளப் பழகுகிறார்கள். அந்தப் பக்கம் வந்த பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி ஓடிவந்தார். மைனி அவருக்கும் விளக்கிச் சொன்னார். வாரநாட்களில் வட்டத்தில் அவர் தன் இடத்தில் நிற்கிறார். இன்று காலையும் பார்த்தேன். தரை நனைந்துதான் கிடந்தது. பெட்டியை எடுக்க உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார். நான் இன்னும் விழப் பழகவில்லை. ஈரக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வாசலிலேயே நின்றுகொண்டு, வெளியே நகர்த்திவிடச் சொன்னேன்.